பதில் பிரதம லிகிதரின் முதலாந் தரம்

வினாயகமூர்த்தி பதினொரு வருடமாகப் பதில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தரின் இடத்தைத் தற்காலிகமாக நிரப்புகிறவராக, இருந்தார். கேள்வி கேட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் மட்டும் பதிலாகவே இருந்தார். பிரதம லிகிதருக்குரிய கதிரை, மேசை, மேசைமணி, றப்பர் முத்திரைகள் எல்லாம் அவரிடம் இருந்தன. இல்லாதது தரம் மட்டும்தான். சேவையில் அவர் இரண்டாந் தரம். முதலாந் தரத்துக்கு ஏறினால்தான் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் 'பதில்' விழும்.

ஏறுவதற்குக் கொழும்பில் ஒரு தடைதாண்டல் பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை அவருக்குப் பரீட்சைத் திகதி கிடைத்தது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில். அந்த மாதம் நாட்டில் யுத்தம் மறுபடி தொடங்கியது. பரீட்சை தொடங்கவில்லை. இரண்டாம் தடவை பஸ் ஏறினார். எங்கள் பக்கத்தில் பரீட்சையைச் சோதனை என்றுதான் சொல்வோம். சோதனைக்குப் போன மனிதர் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டார். அடையாள அட்டையில் இருந்த முகமும் தன்னுடைய முகமும் ஒன்றுதான் என்று அவர் நிரூபித்து முடித்தபோது, கொழும்பில் விடைத்தாள்களைக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தார், எழுதினார், திரும்பியும் வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு, விடைத்தாளைக் காணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில் வந்தது.

தொண்ணூற்றேழில் அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இனிமேல் எந்தச் சோதனைக்கும் போவதில்லை என்று முடிவு செய்து, பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்.

அவர் வேலை செய்த கந்தோரின் பின்வளவில் வாவியைப் பார்த்தபடி ஒரு மைதானம் இருந்தது. இரண்டு கமுகங் குற்றிகளுக்கிடையில் பியோன் கோணாமலை கொண்டுவந்து கட்டிய பழைய மீன்வலைதான் வலை. வடக்குப் பக்கம் முட்கம்பி, அதற்கப்பால் இராணுவக் காவலரண். பந்து கம்பிக்கு அப்பால் போனால் அது அரசுடைமை. யாரும் எடுக்கப் போவதில்லை. நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிட வேண்டும். ஆறு மணிக்கு வீதியை மூடிவிடுவார்கள்.

இந்த மைதானத்தில் வினாயகமூர்த்தியை யாராலும் வெல்ல முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மேற்குப் பக்கம் எப்போதும் அவருக்குத்தான். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் வாவியைத் தாண்டி அடிக்கிற கச்சான் காற்று அவருடைய முதுகில் பட்டு, அவர் மெதுவாகத் தட்டும் பந்தையும் எதிராளியின் தலைக்கு மேலால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எதிராளி திருப்பி அடித்தாலோ, பந்து பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுக் கீழே விழும். ஒரு சுற்று முடிந்ததும் பக்கம் மாற வேண்டும் என்பது உலக வழக்கம். அந்தக் கந்தோரில் மூத்தவர் பக்கம் மாறுவதில்லை என்பது வழக்கம். இரண்டாவது காரணம், எதிராளிகள் எல்லோருடைய லீவுப் படிவமும் அவருடைய மேசைக்குத்தான் போக வேண்டும்.

சுற்றுக்குச் சுற்று அவர் நிலக்கடலை கொறிப்பார். அதையும் எங்களூரில் கச்சான் என்றுதான் சொல்வது.

"ஐயாவுக்கு ரெண்டு கச்சானும் வேணும்," என்பார் சாரதி அப்துல் மஜீத். "ஒண்டு முதுகுக்கு, ஒண்டு வாய்க்கு."

வினாயகமூர்த்தி இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆடி மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காரியாலயங்களுக்கிடையே பூப்பந்துப் போட்டி, சனிக்கிழமை, பட்டணத்து மண்டபத்தில். விளையாடுபவர்களின் பெயரையும் தரத்தையும் எழுதி அனுப்ப ஒரு படிவம். யார் எந்தத் தரம் என்று கண்டுபிடிப்பதற்கு இரண்டு பக்க விளக்கத் தாள் ஒன்றும் இருந்தது. விளக்கம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. 'தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்' என்ற ஒரேயொரு வரி மட்டும் தமிழில் இருந்தது.

வினாயகமூர்த்தி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் 'ஸ்ரேணிய' என்ற சொல்லின் உருவம் மட்டும் மனப்பாடம். தரம் என்று அர்த்தம். அவருக்குத் தரம் இல்லை என்று வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. இந்தத் தாளில் அது மூன்று இடத்தில் இருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று.

"விளங்கிட்டு," என்றார். "மூண்டு தரம். சேவையில இரிக்கிற மாதிரித்தான்."

மஜீத் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவர் காத்தான்குடிக்காரர். இளவயதில் எட்டு வருடம், சிங்களவர் வாழும் குருநாகலில் மாமனாரின் புடவைக் கடையில் நின்றவர். சிங்களத்தில் பேரம் பேசவும், பத்திரிகை வாசிக்கவும், தேவைப்பட்டால் ஏசவும் அவரால் முடியும்.

"தாங்க ஐயா, நான் வாசிச்சுச் சொல்றன்."

"மஜீத், ஜீப்புக்கு எண்ணெய் அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு."

"அப்ப கழுவு."

கடிதம் வந்தால் வாசிப்பது லிகிதரின் வேலை. சாரதி வாசித்து லிகிதர் கேட்பதென்றால் பிறகு ஜீப்பை யார் ஓட்டுவது?

அன்று பின்னேரமே தரம் பிரிக்கும் கூட்டம் நடந்தது. வினாயகமூர்த்தியும் மற்ற இரண்டு லிகிதர்களும் கதிரையில் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய நியமனத் திகதியும் எடுக்கப்பட்டது. எவ்வளவு தூரம் அடிப்பார், எத்தனை பந்து எடுப்பார் என்ற கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. சேவை மூப்பு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? இருபத்தேழு வருடம், வினாயகமூர்த்தி, முதலாந் தரம். பதினான்கு வருடமும் ஒன்பது வருடமும், இரண்டாந் தரம். சாரதியும் பியோனும் மூன்றாந் தரம்.

"ஐயா, கோணாமலைதான் எங்களுக்குள்ள..." என்று ஒரு லிகிதர் இழுத்தார்.

கோணாமலை ஆரையம்பதியில் விடியற்காலையில் வீச்சுவலை எறிந்துவிட்டுக் கந்தோருக்கு வருகிறவர். அந்த மணிக்கட்டிலிருந்து புறப்படும் பந்து வந்ததை யாரும் காண்பதில்லை, விழுந்ததைத்தான் காண்பார்கள். வினாயகமூர்த்தியோடு விளையாடும்போது மட்டும் அந்த மணிக்கட்டுக்கு என்னவோ பிடிப்பு வந்துவிடும்.

"கோணாமலை நிரந்தரமா?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"இல்ல, தற்காலிகம்."

"மறுகா என்ன கதை? தற்காலிகத்துக்கு மூண்டாந் தரம் குடுக்கிறதே பெரிசு."

அவர் தன் பெயருக்கு நேரே 'I' என்று எழுதினார். அந்த ஒற்றைக் கோட்டின் மேலும் கீழும் இரண்டு தொப்பி போட்டார். முத்திரையை ஊதி ஈரமாக்கிக் குத்தினார். பிரதி ஒன்றைத் தன்னுடைய தனிப்பட்ட கடிதக் கோவையில் வைத்தார். முதலாந் தரம் என்ற சொல்லும் அவருடைய பெயரும் ஒரே தாளில் வந்தது அன்றுதான்.

வீட்டில் மனைவி இரத்தினம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முதலாந் தரம் வந்திரிக்கு."

கத்தி நின்றது. "மெய்தானா? சம்பளம் கூட்டிப் போடுவாங்களா?"

"இது பட்மின்டன்ல."

"அதுக்கு என்னத்துக்கு இஞ்ச வந்து நிக்கிறீங்க, செதில் பறக்கிற இடத்தில?" என்றாள் இரத்தினம்மா. கத்தி மறுபடி நடந்தது.

சனிக்கிழமை மஜீத் ஜீப்பை ஓட்ட, ஐந்து பேரும் பட்டணத்துக்குப் போனார்கள். வினாயகமூர்த்தி முன்சீட்டில் வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டு, மட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாவடியில் ஒரு சிப்பாய் பந்துக் குழாயைத் திறந்து, ஒவ்வொரு பந்தாக எடுத்து இறகுக்குள் பார்த்தான்.

"மே மொனவத?" என்று, இதெல்லாம் என்னவென்று கேட்டான்.

வினாயகமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தித் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் சொன்னார்: "ஸ்ரேணிய எக."

முதலாந் தரம் என்று நினைத்துச் சொன்னார். சிப்பாய் அவரையும் வெள்ளைக் காற்சட்டையையும் பார்த்து, மஜீத்திடம் ஏதோ கேட்டுச் சிரித்தான். மஜீத்தும் சிரித்தார். ஜீப் புறப்பட்டது.

"என்ன கேட்டவன்?"

"எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேக்கான் ஐயா."

பள்ளிக்கூட வகுப்புக்கும் சிங்களத்தில் ஸ்ரேணிய என்றுதான் பெயர் என்பது வினாயகமூர்த்திக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அங்கேயே இறங்கியிருப்பார்.

மண்டப வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அது தமிழில் இருந்தது. 'தரம் 1 - புதியவர்கள். தரம் 2 - நடுத்தரத்தினர். தரம் 3 - தேர்ச்சி பெற்றவர்கள்.'

அவர் பலகையை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் வாசித்தார். பிறகு பெயர் பதியும் மேசைக்குப் போனார். அங்கே ஏறாவூர் ஆசிரியை றஸீனா இருந்தார்.

"பிள்ள, பலகையைத் தலைகீழா எழுதிப் போட்டீங்க."

"இல்லையே. சரியாத்தான் இரிக்கி."

"அரசாங்கத்தில முதலாந் தரம்தானே மேல?"

"பள்ளிக்கூடத்தில ஒண்டாம் வகுப்பு மேலயா அங்கிள், கீழயா?"

இருபத்தேழு வருடம் சேவை செய்தவரை அங்கிள் என்று கூப்பிட்டது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதினொரு வருடம் பதிலாகவே இருந்த மனிதரிடமே பதில் இல்லை.

றஸீனா படிவத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"பிழையாப் போட்டுட்டீங்கபோல. மாத்தணும் எண்டா இப்பவே மாத்தலாம். உங்களை மூண்டுல போடட்டா?"

மூன்றாந் தர மைதானத்தில் அப்போது யாரோ ஒருவர் பாய்ந்து அடித்தார். சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கூடக் குனிந்துவிட்டார். அந்தப் பந்தை எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சாவகாசமாகத் திருப்பி அனுப்பினார்.

வினாயகமூர்த்தி படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"வேணாம், பிள்ள. முத்திரை குத்தின கடுதாசி. எழுதினது எழுதினதுதான்."

மாற்றினால் ஒன்று போய் மூன்று ஆகும். மாற்றாவிட்டால் ஒன்று ஒன்றாகவே இருக்கும். பலகையில் எழுதியதை வீட்டிலோ கந்தோரிலோ யார் பார்க்கப் போகிறார்கள்? மற்ற இரண்டு லிகிதர்களும் ஏற்கனவே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். பலகையைப் பார்த்தவர்கள் மஜீத்தும் கோணாமலையும் மட்டும்தான். அவர்கள் மூன்றாந் தரம்.

முதலாந் தரத்தில் மொத்தம் நான்கு பேர். ஆகவே அவருடைய முதல் ஆட்டமே அரையிறுதி. எதிராளி அருமைநாயகம், வங்கியில் புதிதாகச் சேர்ந்த பயிலுநர், இருபத்தொரு வயது. மூன்று கிழமைக்கு முன்புதான் மட்டையைத் தொட்டவன். அதை அவன் விசிறியைப் போலப் பிடித்திருந்தான்.

"சேர், எனக்குப் பெரிசாத் தெரியாது. மெதுவா அடிங்க," என்றான்.

வினாயகமூர்த்தி பெருந்தன்மையோடு தலையசைத்துவிட்டு மேற்குப் பக்கம் போய் நின்றார். மண்டபத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அவர் வழக்கம்போல மெதுவாகத் தட்டினார். பந்து வலைக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைப் பலமாக அடித்தார். அது றஸீனாவின் மேசைக்குப் போனது. முதுகில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் அவருடைய கையிலிருந்து புறப்படும் பந்து இவ்வளவு தூரம்தான் போகும் என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

அருமைநாயகத்துக்கும் ஒன்றும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பந்து வந்த பக்கம் எல்லாம் ஓடினான். முதல் சுற்று பதினைந்துக்கு ஆறு என்று அவனுக்குப் போனது.

இடைவேளையில் வினாயகமூர்த்தி வாங்குப் பலகையில் உட்கார்ந்து வியர்வை துடைத்தார். மஜீத் பக்கத்தில் வந்து குந்தினார். மஜீத்தும் கோணாமலையும் சோடியாகத் தங்கள் முதல் ஆட்டத்தை அப்போதுதான் வென்றிருந்தார்கள். அதைப் பற்றி மஜீத் பேச்செடுக்கவில்லை. அவருடைய சேட்டுப் பைக்குள்ளிருந்து அந்தச் சிங்களத் தாள் எட்டிப் பார்த்தது.

"அது எப்படி உன்னட்ட?"

"ஜீப்புக் கழுவ நீங்க எறிஞ்ச கடுதாசிக்க கிடந்திச்சு."

வினாயகமூர்த்தி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வாசி," என்றார்.

மஜீத் தாளை விரித்தார். "முதலாந் தரம். இந்த விளையாட்டை இப்பதான் தொடங்கினவர். இல்லாட்டி, கன காலம் விளையாடியும் தொடங்கின இடத்திலயே நிக்கிறவர்."

"ம்."

"முன்கையால மட்டும் அடிப்பார். பின்கைப் பக்கம் பந்து வந்தா, சுத்தி ஓடுவார். ஓட ஏலாட்டி விட்டுருவார்."

"ம்."

"பந்து வலையில பட்டா மட்டையைப் பாப்பார்."

வினாயகமூர்த்தி கையிலிருந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அதைக் கீழே வைத்தார்.

"அது நீயாச் சேர்த்ததுதானே?"

"அல்லாவே, இரிக்கி ஐயா. இந்தா, நீங்களே பாருங்க."

நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை. இருபத்தேழு வருடத்தில் அவரைப் பற்றி எத்தனையோ தாள்கள் எழுதப்பட்டிருந்தன. சில அவரைக் காணவில்லை என்றன, சில அவருடைய விடைத்தாளைக் காணவில்லை என்றன. அவரை நேரில் கண்டு எழுதியதைப் போல இருந்த தாள் இது ஒன்றுதான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவரைப் போலச் சரியாகத் தரம் எழுதியவர் வேறு யாரும் இல்லை.

"ரெண்டாந் தரத்துக்கு என்ன வேணுமாம்?"

"பின்கையாலயும் அடிக்கோணும். சேர்விஸ் பத்துக்கு ஏழு உள்ளுக்க விழோணும்."

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அவருக்குப் பத்துக்கு மூன்று.

இரண்டாம் சுற்றில் பின்கைப் பக்கம் வந்த ஒரு பந்தைச் சுற்றி ஓடாமல் நின்று அடித்தார். மட்டை கையை விட்டுப் போனது. பதினைந்துக்கு எட்டு. அருமைநாயகம் கைகொடுக்க வந்து, "நல்லா விளையாடினீங்க சேர்," என்றான். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

லிகிதர்கள் இருவரும் இரண்டாந் தரத்தில் முதல் ஆட்டத்தோடு வெளியேறினார்கள். மஜீத்தும் கோணாமலையும் மூன்றாந் தரத்தில் இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள். மாவட்டத்தில் மட்டை பிடிக்கத் தெரிந்த எல்லோரும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்து நின்றார்கள். இரண்டு புள்ளியால் தோற்று இரண்டாமிடம். இருவருக்கும் சேர்த்துக் கோணாமலையின் கையில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அதை அவர் கந்தோர்ச் சாமானைத் தூக்குவதைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறினார்.

திங்கட்கிழமை காலை, போட்டி பற்றிய அறிக்கை பொறுப்பதிகாரி கனகசிங்கத்துக்குப் போக வேண்டும். எழுதுவது வினாயகமூர்த்தியின் வேலை. அவர் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தார். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். மூன்றாவது தாள் இப்படி வந்தது:

'முதலாந் தரப் பிரிவில் பதில் பிரதம லிகிதர் திரு. வினாயகமூர்த்தி அரையிறுதி ஆட்டத்தில் பங்குபற்றினார். மூன்றாந் தரப் பிரிவில் சாரதியும் சிற்றூழியரும் இரண்டாமிடம் பெற்றனர்.'

வெளியே போகும் கடிதங்களை மஜீத்தான் கொண்டுபோவது. அவர் வாசலிலேயே நின்று வாசித்தார். இந்தத் தடவை வினாயகமூர்த்தி ஜீப்பைக் கழுவச் சொல்லவில்லை.

"ஒரு சொல்லும் பொய் இல்ல ஐயா," என்றார் மஜீத். "இப்படி எழுதறதுக்கு இருபத்தேழு வருசச் சேவை வேணும்தான்."

கனகசிங்கம் அந்தக் கந்தோருக்கு வந்து மூன்று மாதம். பூப்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தரம் பற்றி எல்லாம் தெரியும். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரையும் கூப்பிட்டார்.

"எங்கட கந்தோரிலயும் ஒரு முதலாந் தரம் இருக்கெண்டது எனக்குப் பெருமை," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "மற்ற ரெண்டு பேரையும் குறை சொல்லக் கூடாது. மூண்டாந் தரத்திலயாவது ஒரு இடம் எடுத்தாங்களே. சாரதி, பியோன், அவங்கள் வேற என்ன செய்வாங்கள்?"

கோணாமலை தேத்தண்ணித் தட்டோடு நின்றார். கிண்ணத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள் என்று, அதைத் துடைத்துப் பியோன் மேசையின் கீழே வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அவர் வினாயகமூர்த்தியின் கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தார். வினாயகமூர்த்தி நிமிர்ந்து பார்க்காமல் வாங்கினார். அவர் வாய் ஒருமுறை திறந்தது. எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். திறந்த வாயால் தேத்தண்ணியைக் குடித்தார்.

கனகசிங்கம் அத்தோடு நிறுத்தவில்லை. மறுநாள் ஒரு அலுவலகக் கட்டளை வந்தது. 'முதலாந் தர வீரர் என்ற வகையில், மூன்றாந் தர வீரர்கள் இருவருக்கும் தினமும் பி.ப. 4.15 முதல் பயிற்சி அளிக்குமாறு திரு. வினாயகமூர்த்தி பணிக்கப்படுகிறார். முன்னேற்றம் பற்றி மாதாந்தம் அறிக்கை தேவை.'

நாலேகாலுக்கு மூவரும் பின்வளவில் நின்றார்கள். கனகசிங்கத்தின் அறை ஜன்னல் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அது திறந்திருந்தது. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவரும் அங்கே நின்றார்.

"சொல்லுங்க ஐயா," என்றார் மஜீத். "இண்டைக்கு என்னத்தைப் படிச்சுத் தரப் போறீங்க?"

வினாயகமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். கோணாமலையை மட்டும் பார்க்க முடியவில்லை. காற்று வழக்கம்போல வாவிப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர் மேற்குப் பக்கத்தை விட்டு வலையைச் சுற்றி நடந்து, கிழக்குப் பக்கம் கோணாமலைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்த அறிக்கை..." என்றார் தாழ்ந்த குரலில்.

"அதை விடுங்க ஐயா. போனது போனதுதான்," என்றார் கோணாமலை. அதில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. லீவுப் படிவம் இன்னும் அந்த மேசைக்குத்தான் போகிறது. "பின்கைக்கு மட்டையை எப்படிப் பிடிக்கிறீங்க எண்டு காட்டுங்க பாப்பம்."

அவர் காட்டினார். கோணாமலைக்குச் சிரிப்பு வந்தது.

"தேங்காய் துருவுற மாதிரிப் பிடிக்கிறீங்க. பெருவிரலை மேல வைங்க. மணிக்கட்டை இளக்குங்க."

ஜன்னலில் கனகசிங்கம் முன்னால் குனிந்தார். வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"கோணாமலை!" என்று வளவே அதிரக் கத்தினார். "பெருவிரலை மேல வை! மணிக்கட்டை இளக்கு!"

"முழங்கையை உள்ளுக்க எடுங்க ஐயா," என்றார் கோணாமலை காதோடு.

"முழங்கையை உள்ளுக்க எடு! எத்தனை தரம் சொல்றது உனக்கு?"

மஜீத் வலைக்கு அந்தப் பக்கம் போய், சிரிப்பை அடக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கச்சான் காற்றை முதுகில் வாங்கியபடி முதல் பந்தைப் போட்டார். அது நேராக வினாயகமூர்த்தியின் பின்கைப் பக்கம் வந்தது.